கெண்டை ஆலையில் ஒரு காகத்துக்காரர்

டுபோவாவுக்கும் கமெனாவுக்கும் இடையே பேருந்து ஓட்டும் வெண்டலினைப் போல ஒரு சாதுவான மனிதரை எங்கள் பக்கத்தில் தேடிப் பிடிக்க முடியாது. சாலையில் கோழி குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, அது யோசித்து முடிவெடுக்கும்வரை காத்திருப்பார். சந்தைக்குப் போகும் கிழவிகள் மூச்சிரைக்க ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால், கிளம்பின வண்டியைப் பின்னோக்கி எடுத்து வந்து ஏற்றிக்கொள்வார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, கமெனா பீரைப் பற்றிப் பேச்செடுக்காதவரை.

பேச்செடுத்தால் போச்சு. கழுத்து சிவக்கும், மீசை துடிக்கும். "அது பீரா? பாத்திரம் கழுவின தண்ணிய வெயில்ல வச்சு எடுத்தா அதுதான் அது" என்று ஆரம்பித்தால் கடைசி நிறுத்தம்வரை நிறுத்த மாட்டார்.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டுபோவாவில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். எங்கள் ஊருக்கு ஒரு பீர் ஆலை, அதன் சின்னம் காகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கமெனாவில் ஒரு ஆலை, அதன் சின்னம் கெண்டை மீன். காகத்துக்காரன் கெண்டையைக் குடிக்க மாட்டான், கெண்டைக்காரன் காகத்தைத் தொட மாட்டான். இதற்குக் காரணம் கேட்டால் எங்கள் ஊரில் பால் மணம் மாறாத பிள்ளைகூட ஒப்பிக்கும். கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில் பெரிய வெள்ளம் வந்தது. எங்கள் ஆலையிலிருந்து ஒரு முழுப் பீப்பாய் மிதந்துபோய் கமெனாவில் ஒதுங்கியது. அந்தப் படுபாவிகள் அதைச் சொட்டு விடாமல் குடித்துத் தீர்த்தார்கள். தீர்த்துவிட்டு, காலிப் பீப்பாய்க்குள் ஒரு அழுகின மீனைப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் பீர் இந்த லட்சணத்தில்தான் இருந்தது என்று சொல்லாமல் சொன்னார்கள். அந்த நாற்றம் போக எங்கள் ஆலை முற்றத்தை ஒரு மாதம் கழுவினார்களாம். வெள்ளம் வடிந்து எத்தனையோ காலமாயிற்று, எங்கள் ரோஷம் மட்டும் வடியவில்லை.

வெண்டலினுடைய அப்பா எங்கள் ஆலையில் பீப்பாய் உருட்டியவர். வெண்டலின் பிறந்த அன்று அப்பாக்காரர் காக பீரில் விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் தடவினார் என்றும், குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது என்றும் சொல்வார்கள். அவரும் ஆலைக்குத்தான் போயிருப்பார். ஆனால் பீப்பாயைவிட சக்கரம் அவருக்குப் பிடித்துப்போனது. பிடித்த வேலை கிடைத்தது, கிடைத்த தடம்தான் வினை. பேருந்தின் மறுமுனை நிறுத்தம் கமெனா சதுக்கத்தில், கெண்டை ஆலையின் வாசலுக்கு நேர் எதிரே.

ஒவ்வொரு நாளும் அங்கே போய் நிற்பார். நின்றதும் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார், ஜூலை மாத வெயிலானாலும் சரி. அந்த ஆலையின் வாசனை வண்டிக்குள் வரக் கூடாது. பிறகு இருக்கையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து ஆறின தேநீரைக் குடிப்பார். வியர்த்துக் கொட்டும். திரும்பிப் போகும் நேரம்வரை ஆலைப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டார். அவர் தலைமுடி கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறியது அந்த வாசலில்தான்.

கடவுளுக்குக் குறும்பு அதிகம் என்று எங்கள் ஊர்ப் பாதிரியார் சொல்வார். வெண்டலினின் ஒரே மகள் ராட்கா, கமெனா இசைப் பள்ளியில் பிடில் சொல்லிக்கொடுக்கப் போனாள். தினமும் யார் பேருந்தில் போனாள்? அப்பாவின் பேருந்தில். தினமும் எங்கே இறங்கினாள்? கெண்டை ஆலை வாசலில். அங்கே பார்லி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மதோஷ் என்ற இளைஞன், இறங்குகிறவர்களில் ஒருத்தியை மட்டும் தினமும் பார்த்தான். மதோஷ் பீர் காய்ச்சுகிறவன். அவன் அப்பாவும் அங்கேதான் காய்ச்சினார், தாத்தாவும் அங்கேதான். ஆக, பெண்ணைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டுபோய் எதிரி வாசலில் இறக்கிவிட்டவர் சாட்சாத் வெண்டலினேதான். விஷயம் தெரிந்த அன்று அவர் ஒரு கோழிக்குக்கூட நிறுத்தவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றாலும் மகள் மேல் உயிர். அவள் நடை பழகியதே அவர் பேருந்தில்தான். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கும். இரண்டு பக்க இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பாதையில் அவளை நிறுத்திவிட்டு, அவர் கடைசி இருக்கை அருகே மண்டி போட்டுக் கையை நீட்டிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று கூப்பிடுவார். அவள் விழாமல் வந்து மடியில் விழுவாள். என்றாவது ஒரு நாள் வெள்ளை உடுப்பில் இவளைக் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நடத்திக்கொண்டு போகப்போகிறோம் என்று அன்றிலிருந்தே நினைத்து நினைத்துப் பூரித்தவர். மாப்பிள்ளை கெண்டைக்காரனாக இருந்தாலும் சரி, பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது என்று முடிவு செய்திருந்தார்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாள் அன்று ராட்கா ஒரு உறையை நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"பரிசுப்பா. கமெனா ஆலையச் சுத்திப் பாக்கறதுக்கு அனுமதிச் சீட்டு. வர்ற சனிக்கிழம காலையில."

வெண்டலின் சீட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "அறுபது வருஷம் உயிரோட இருந்ததுக்கு இதுதான் தண்டனையா?"

"நீங்க ஒரு தடவகூட உள்ள போனதில்ல. ஊரெல்லாம் பாத்திரம் கழுவின தண்ணின்னு சொல்லிட்டுத் திரியறீங்க. நாளைக்கு மதோஷ் அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கறது? கல்யாணத்துக்கு அவங்க பீப்பாய்தான் வரும்."

"வரட்டும். நான் எலுமிச்சம்பழத் தண்ணி குடிச்சிக்கிறேன்."

"அப்படின்னா கோயிலுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போறது நீங்க இல்ல. ரூடா மாமாவக் கூப்பிட்டுக்கிறேன்."

ரூடா, வெண்டலினின் மைத்துனர், காப்பீடு விற்கிறவர். நடந்துபோகிற வழியிலேயே இரண்டு பேரை மடக்கிக் கையெழுத்து வாங்கிவிடுவார். வெண்டலின் மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்பில் மாவுருண்டை வெந்துவிட்டதா என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"போய்ட்டு வந்தாப் போதுமா?"

"போனாப் போதும்ப்பா."

போனால் போதும் என்றுதான் அவள் சொன்னாள், குடிக்கணும் என்று சொல்லவில்லை. அன்று இரவு வெண்டலின் நிம்மதியாகத் தூங்கினார். உள்ளே போவது, சுற்றிப் பார்ப்பது, ஒரு சொட்டு வாயில் படாமல் வெளியே வருவது. கல்யாணமும் கெடாது, காகமும் கோபிக்காது.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. வண்டியை ஓட்டியது ஓட்டா என்ற சின்னவன். ஓட்டாவும், காக பீர் ஊற்றும் எங்கள் காகக் கடையில் வெண்டலின் உட்காரும் அதே மேசைக்காரன்தான். அவனுக்குத் தெரிந்தால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"எங்கண்ணே, லீவு நாள்ல இஸ்திரி போட்ட சட்டையோட?"

"பல்லு வலி. கமெனாவுல ஒரு பல் டாக்டர் இருக்காராம்."

"கன்னம் வீங்கவே இல்லியே."

"உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு. நீ சாலையப் பாத்து ஓட்டு."

கமெனா சதுக்கத்தில் இறங்கி, ஓட்டா பார்க்கிறானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக வெண்டலின் அந்தக் கல் வளைவுக்குள் நுழைந்தார். இடி ஏதும் விழவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

முற்றத்தில் நாலைந்து ஜெர்மன்காரர்களும், பிர்னோ நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதியும் நின்றார்கள். சுற்றிக் காட்ட வந்தவள் ஹெட்விகா, குட்டையாக, உருண்டையாக, சாவிக் கொத்தைச் சலங்கை மாதிரி ஆட்டிக்கொண்டு நடக்கிற அம்மாள். வந்தவர்களை ஒவ்வொருவராக எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"நீங்க?"

"பிர்னோ" என்றார் வெண்டலின், வாயில் வந்த முதல் ஊரை.

பிர்னோ அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "அட, நம்மூரா! எந்தப் பக்கம்?"

"ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல."

"முன்னாடியா, பின்னாடியா?"

"நடுவுல" என்றார் வெண்டலின். ஹெட்விகா இருமிக்கொண்டே வேறு பக்கம் திரும்பினாள்.

முதலில் பார்லி முளைகட்டும் தளம். நீளமான கல் தரை, அதில் கணுக்கால் ஆழத்துக்கு ஈரமான பார்லி பரப்பியிருந்தது. மரத் துடுப்பால் இரண்டு பேர் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கப் பிஞ்சு வெள்ளரிக்காய் வாசனை. இத்தனை வருஷம் ஜன்னலைச் சாத்திச் சாத்தித் தப்பித்த வாசனை இதுவா என்று வெண்டலினுக்குக் குழப்பமாக இருந்தது. நாற்றம் அடிக்கும் என்றல்லவா நினைத்திருந்தார்!

ஹெட்விகா ஒரு கிண்ணத்திலிருந்து வறுத்த பார்லியை எல்லோருக்கும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். வெண்டலின் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, இது வெறும் தானியம். குருவிகூடத் திங்கும்."

நியாயந்தான். தானியம் எப்படிப் பீராகும்? மென்றார். கருகின ரொட்டி ஓரமும் தேனும் சேர்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு பிடி கேட்டால் தப்பாக நினைப்பாளோ என்று யோசித்துவிட்டுக் கேட்டே விட்டார்.

அடுத்தது செம்புக் கொப்பரைகள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு. உள்ளே பார்லிக் கஞ்சி கொதிக்கிறது, ஆவி பூத்துப் பூத்து வருகிறது. ஹெட்விகா ஒரு கரண்டி இனிப்பு வடிநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து நீட்டினாள்.

"வேணாம்மா, நான் பீர் குடிக்கறதில்ல" என்றார் வெண்டலின். வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். சொல்லும்போது அவருக்கே காது சுட்டது.

"யார் பீருன்னு சொன்னா? இதுல இன்னும் கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூவே போடல. ஈஸ்ட்டைக் கண்ணால பாக்கல. இது பீருன்னா எங்க வீட்டுக் கஞ்சியும் பீர்தான்."

அதுவும் நியாயந்தான். குடித்தார். சூடாக, பாகு மாதிரி, தொண்டையைத் தடவிக்கொண்டு இறங்கியது. அவருக்குள்ளே அறுபது வயது ஆள் ஒருவர் விலகி நிற்க, ஆறு வயதுப் பையன் ஒருவன் உதட்டை நக்கிக்கொண்டான்.

மூன்றாவது, திறந்த தொட்டிகளில் பீர் புளிக்கும் குளிர்ந்த அறை. தொட்டி நிறைய நுரை, பழுப்பும் வெள்ளையுமாகச் சுருண்டு சுருண்டு பூத்திருந்தது. "எட்டிப் பாக்கக் கூடாது, காத்து மூக்குல ஏறும்" என்று ஹெட்விகா சொல்லி வாய் மூடுவதற்குள் வெண்டலின் எட்டிப் பார்த்துவிட்டார். மூக்குக்குள் ஆயிரம் எறும்பு. தலை கிர்ரென்று ஒரு சுற்று சுற்றி வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள்.

ஹெட்விகா தொட்டியிலிருந்து கலங்கலாக ஒரு வாய் எடுத்து நீட்டினாள். "பச்சைக் குழந்தைங்க இது. இன்னும் நிலவறையில வாரக்கணக்குல தூங்கி எழுந்தாத்தான் பீர்."

"அப்ப இது பீர் இல்ல?"

"இல்லவே இல்ல."

இல்லாத ஒன்றைக் குடிப்பதில் என்ன தப்பு?

நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய மேடை மேல் ஒரு பழைய பீப்பாய் நின்றது. பக்கப் பலகையில் கோடரியால் பிளந்த ஓட்டை அப்படியே இருந்தது. அதன் நெற்றியில் சூட்டுக்கோலால் பொறித்திருந்த காகச் சின்னத்தைப் பார்த்ததும் வெண்டலினுக்கு முடி சிலிர்த்தது. ஊரில் எல்லோரும் கதை கேட்டிருக்கிறோம், பீப்பாயை யார் பார்த்தோம்?

"இது எங்க ஊரக் காப்பாத்தின பீப்பாய்" என்றாள் ஹெட்விகா. "வெள்ளத்துல கிணறெல்லாம் சாக்கடையாப் போச்சு. குடிக்கத் தண்ணி கிடையாது. அப்பத்தான் டுபோவாவுலேர்ந்து இது மிதந்து வந்துச்சு. ஆளுக்கு ஒரு வாய், பிள்ளை பெத்தவளுக்கு ரெண்டு வாய்னு பங்கு வச்சுக் குடிச்சுத்தான் உசுரு பொழச்சோம். அதுக்கு நன்றியா, இருக்கறதுலயே பெரிய கெண்டை ஒண்ண உயிரோட புடிச்சு, இதே பீப்பாய்ல தண்ணி ஊத்தி, மாட்டு வண்டியில..."

"உயிரோடவா?" என்று கத்திவிட்டார் வெண்டலின். நிலவறையிலிருந்து அவர் குரலே திரும்பி வந்து அவரைக் கேட்டது. "அது அழுகின மீன்! பக்கத்துல நிக்க முடியல! முற்றத்த ஒரு மாசம் கழுவினாங்க!"

ஹெட்விகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அதெல்லாம் பிர்னோக்காரருக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"சரி. கோடரியால உடைச்ச பீப்பாய் ஒழுகும்னு அந்தக் காலத்து அவசரத்துல யாருக்கும் தோணல. பாலம் வேற அடிச்சிட்டுப் போச்சு. வண்டிக்காரன் மலையச் சுத்திப் போய்ச் சேர நாளாயிடுச்சு. உயிரோட கிளம்பின மீன் என்ன நிலையில போய்ச் சேந்துச்சோ, அது பேப்பர்ல போட்டவங்களுக்குத்தான் தெரியும். பீப்பாய மட்டும் அதே வண்டியில திருப்பி விட்டுட்டாங்க."

வெண்டலின் மேடைக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினார். பிளந்த பலகையில் விரலை விட்டுப் பார்த்தார். நுழைந்தது. கொள்ளுத் தாத்தாக் காலத்திலிருந்து சுமந்து வந்த ரோஷம் ஒரு விரல் அகல ஓட்டையில் ஒழுகிப்போவது போல இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் ஜூலை மாத ஜன்னலைச் சாத்தினது எதற்காக?

கீழே நிலவறையில் இருட்டும் குளிரும். வரிசையாகக் கருப்புப் பீப்பாய்கள் படுத்திருந்தன. பெரிய பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த இளைஞன் குவளைகளை நிரப்பிக் கொடுத்தான். மதோஷ்! அவன் வருங்கால மாமனாரைப் பார்த்தான். மாமனார் தொப்பிக்குள் இன்னும் ஒரு அங்குலம் இறங்கினார். மதோஷ் ஹெட்விகாவைப் பார்த்தான். அவள் கண்ணைக் காட்டினாள். அவன் முகத்தைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு குவளையை நீட்டினான்.

"இது இன்னும் வடிகட்டலீங்க. பீர்னு சொல்ல முடியாது" என்றான்.

குவளை குளிர்ந்து வியர்த்திருந்தது. மேலே மூன்று விரல் நுரை, ஈரமான, கெட்டியான நுரை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த நுரையைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்க மனித ஜென்மத்தால் ஆகாது. வெண்டலின் ஒரு வாய் குடித்தார். நின்றார். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் மிச்சத்தையும் குடித்தார். மோசம் போனோம், இது நன்றாக இருக்கிறது என்று அவருக்குள் ஒரு குரல் அலறியது. நன்றாக இல்லை, அமிர்தமாக இருக்கிறது என்று இன்னொரு குரல் அதைத் திருத்தியது.

இதோடு எழுந்து ஓடியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் சுற்றுலாவின் கடைசியில் மேலே சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் கொடுப்பது வழக்கம். கூடவே குவளை. இங்கேதான் நம்மவர் வசமாக மாட்டினார்.

எங்கள் நாட்டில் எந்தக் கடையிலும் பீர் வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள். குவளை காலியானால் அடுத்தது தானாக வந்து உட்காரும். போதும் என்றால் குவளைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து மேலே மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வாயால் போதும் என்று சொல்கிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் வைத்தியர் மிரட்டி அனுப்பியவன்.

வெண்டலின் குவளையைக் காலி செய்துவிட்டு அட்டையை எடுக்கக் கையை நீட்டினார். அட்டையில் கெண்டை வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது. கை பின்வாங்கியது. குடித்ததைக்கூட இது பீர் இல்லை, அது பீர் இல்லை என்று சமாளித்துக்கொள்ளலாம். கெண்டையைக் கையால் தொட்டால் எதைச் சொல்லிச் சமாளிப்பது? அதற்குள் அடுத்த குவளை வந்துவிட்டது.

அதைக் குடித்தார். கரண்டியால் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் கெண்டை. அடுத்தது வந்தது. குவளை வாயை உள்ளங்கையால் பொத்தினார். ஹெட்விகா புதுக் குவளையைக் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ரொட்டித் துண்டை மூடியாக வைத்துப் பார்த்தார். பிர்னோ அம்மாள், "அட, இப்படித்தான் சாப்பிடணுமா!" என்று தானும் அப்படியே செய்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெர்மன்காரர்களும் செய்தார்கள். வெண்டலினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. மேசை லேசாக மிதந்தது, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பு அவருக்கு வணக்கம் வைத்தது. ஜெர்மன்காரர்களில் ஒருவருக்குக் கோழிக்காக வண்டி நிறுத்துவது எப்படி என்று நடித்துக் காட்டினார். அந்த ஜெர்மன்காரருக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கோழியாக நடிக்க முன்வந்தார். பிர்னோக்காரர் பயணியாகப் பின்னால் நின்றுகொண்டார். அறையை இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், மறுபடியும் நிறைந்த குவளை.

இனி ஒன்று உள்ளே போனால் எழுந்திருக்க முடியாது, கடைசிப் பேருந்தும் போய்விடும் என்று தெரிந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. வெளியூர் மேசைகள் ஆடினால் காலுக்கு அடியில் செருகுவதற்காக அவர் எப்போதும் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருப்பார். குவளையைக் காலி செய்தார், பையிலிருந்து அட்டையை எடுத்தார், பெருமையாக மேலே மூடினார்.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கெண்டை ஆலையின் நடு அறையில், கெண்டைக் குவளையின் தலையில், இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் காகம்.

"அப்பாடா" என்றாள் ஹெட்விகா, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "பறவை ஒரு வழியா வெளிய வந்துச்சு. நல்லா இருக்கீங்களா, சம்பந்தி?"

வெண்டலினுக்கு வாயில் ஈ போனாலும் தெரியாத நிலை. "நீங்க... மதோஷோட..."

"அம்மா. உங்கள எனக்கு எத்தன வருஷமாத் தெரியும் தெரியுமா? என் ஜன்னல் அந்தச் சதுக்கத்தப் பாத்துத்தான் இருக்கு. வருவீங்க, ஜன்னலச் சாத்துவீங்க, வேகற வெயில்ல ஆறின டீயக் குடிப்பீங்க. பீர் ஆலை வாசல்ல உக்காந்து ஒரு மனுஷன் டீ குடிக்கறாரேன்னு எனக்கு வயிறு எரியும். ஒரு குவள கொண்டாந்து நீட்டலாம்னு எத்தன தடவ கிளம்பியிருக்கேன்! கதவத் தொறக்க மாட்டீங்களே."

வெண்டலின் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

"ஒண்ணு சொல்லுங்க சம்பந்தி" என்றாள் ஹெட்விகா, குவளைக்கு அடியில் இருந்த கெண்டை அட்டையைத் தட்டி. "இந்த மீன் மேல என்ன அவ்வளவு கோவம்? வெள்ளத்துக்கு முன்னாடி எங்க ஆலைக்குச் சின்னமே கிடையாது. உங்களுக்கு அனுப்பி வச்ச மீனுதான் இது. மறக்கக் கூடாதுன்னு போட்டுக்கிட்டோம்."

வெண்டலின் கெண்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டிருந்தது சிரிப்பில்லை, பாவம், தண்ணீர் ஒழுகின பீப்பாய்க்குள் மூச்சுக்குத் தவித்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு விரலால் மெதுவாக, சூடு பட்டுவிடுமோ என்பது போல, அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காரணமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

மதோஷ்தான் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டுவந்து நாலு மணிப் பேருந்தில் ஏற்றிவிட்டான். ஓட்டா ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து பார்த்தான்.

"பல்லு எப்படியிருக்குண்ணே?"

"எந்தப் பல்லு?"

"அதான, புடுங்கிட்டாங்க போல. நல்லா மருந்து போட்டிருக்காங்க, வண்டி முழுக்க மணக்குது."

"டேய் ஓட்டா" என்றார் வெண்டலின், எழுந்து நின்று, கம்பியைக் கட்டிக்கொண்டு. "கடையில எல்லார்கிட்டயும் சொல்லு. மீன் உயிரோடதான் கிளம்புச்சு."

"எந்த மீனு?"

"நம்ம மீனு!" என்று கத்திவிட்டு, இருபுறமும் ஓடும் பிளம் மரங்களுக்குக் கையை ஆட்டினார். வழியில் இல்லாத கோழிகளுக்காக இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓட்டா நல்லவன், இரண்டு இடத்திலும் நிறுத்தினான்.

டுபோவா வந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கடைசி இருக்கையில் வெண்டலின் எழுந்திருக்கப் பார்த்தார். கால் வேறு ஏதோ திட்டத்தில் இருந்தது. வெளியே நிறுத்தத்தில் ராட்கா காத்துக்கொண்டு நின்றாள். எதிரே காகக் கடையின் ஜன்னலில் எங்கள் மேசைக்காரர்கள் அத்தனை பேரும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தோம்.

ராட்கா வண்டிக்குள் ஏறி வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் கெண்டை, அந்தப் பக்கமும் கெண்டை.

"உங்க காகம் எங்கப்பா?"

"அங்க சம்பந்தியம்மா மேசையில விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் வெண்டலின். "திரும்பப் போறதுக்கு ஒரு சாக்கு வேணாமா?"

அவள் அட்டையை அவர் பையிலேயே திரும்ப வைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அந்தப் பாதையில் அவரை நிமிர்த்தி நிறுத்தினாள்.

"வாங்க, நடங்க. ஒண்ணு, ரெண்டு..."

"அதச் சொல்ல வேண்டியது நானு" என்றார் வெண்டலின்.

"அத கல்யாணத்தன்னிக்குச் சொல்லுங்க. கோயில்ல நீங்கதான் கூட்டிட்டுப் போகப் போறீங்க. இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் அப்படியே நின்று மகளைப் பார்த்தார். பிறகு தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, மீசையைத் தடவிவிட்டு, வலது காலை எடுத்து வைத்தார். ஓட்டா இரண்டு பக்கக் கதவையும் அகலத் திறந்துவிட்டு ஹாரனை நீளமாக அடித்தான். ஜன்னலில் இருந்த நாங்கள் எல்லோரும், என்ன ஏதென்று இன்னும் தெரியாமலேயே, எழுந்து நின்றோம்.